மஞ்சள் முக்கோணத்தை நம்பலாமா?

வீட்டில் வைஃபை இருக்கிறதா? ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். ரவுட்டரை அணைக்காமல், வெளியிலிருந்து அதற்குள் வருகிற ஒயரை மட்டும் ஒரு நிமிஷம் பிடுங்கிவிடுங்கள். (வீட்டில் யாரும் சீரியல் பார்க்காத நேரமாகத் தேர்ந்தெடுப்பது உங்கள் பொறுப்பு.) இப்போது லேப்டாப்பின் வைஃபை சிக்னலைப் பாருங்கள். ஒரு கோடு கூடக் குறைந்திருக்காது. அதற்குத் தெரிந்த உலகம் ரவுட்டர் வரைக்கும்தான். அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது அதன் கவலை இல்லை.

ஆனால் கொஞ்ச நேரத்தில், விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு மூலையில் ஓர் அடையாளம் முளைக்கும். பழைய பதிப்புகளில் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் முக்கோணம். புதிய பதிப்புகளில் பூமி உருண்டை. அர்த்தம் ஒன்றுதான்: ‘நெட் இல்லை.’

சிக்னலுக்கே தெரியாதது விண்டோஸுக்கு எப்படித் தெரிந்தது?

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், புத்தகத்துக்கு எழுதுகிறோம். தினமும் எட்டு மணி நேரம் முறைத்துப் பார்க்கிற சாஃப்ட்வேருக்கு யாரும் எழுதுவதில்லை. இந்த வாரம் அந்தக் குறையைத் தீர்த்துவிடலாம்.

*

டயல்-அப் காலத்தில் இந்தப் பிரச்னையே கிடையாது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது, மோடம் போன் போட்டு, கீச்கீச்சென்று கத்தி, எதிர்முனை சம்மதித்தால் நெட் உண்டு. இல்லையென்றால் இல்லை. எந்தப் பக்கம் என்பது காதுக்கே தெரிந்துவிடும்.

பிறகு எப்போதும் இணைந்தே இருக்கிற பிராட்பேண்ட் வந்தது, வைஃபை வந்தது. ‘ஒயர் மாட்டியிருக்கிறது’ என்பதும் ‘இன்டர்நெட் இருக்கிறது’ என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்களாகிவிட்டன. பி.காம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. நம் கேஷ் புக்கில் பேங்க் பாலன்ஸ் பத்தாயிரம் என்று எழுதியிருப்பதாலேயே பேங்கில் பத்தாயிரம் இருக்கிறது என்று ஆகிவிடாது. போட்ட செக் இன்னும் பாஸ் ஆகாமல் இருக்கலாம். பாஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் விஸ்டாவில் இந்த ஒத்துப் பார்க்கும் வேலையைத் தொடங்கியது. பெயர் என்.சி.எஸ்.ஐ. உங்கள் கம்ப்யூட்டர் ஏதாவது ஒரு நெட்வொர்க்கில் சேர்ந்தவுடன், உங்களைக் கேட்காமலே மைக்ரோசாஃப்ட்டின் ஒரு சர்வருக்கு ஓடி, அங்கே இருக்கும் குட்டி டெக்ஸ்ட் ஃபைலைக் கேட்கும். அதில் இருந்தது இரண்டே வார்த்தை: ‘மைக்ரோசாஃப்ட் என்.சி.எஸ்.ஐ.’ ஆங்கிலத்தில் எண்ணினால் இடைவெளி உட்பட 14 எழுத்து. அது அப்படியே திரும்பி வந்தால் நெட் இருக்கிறது. விண்டோஸ் 10 காலத்தில் சர்வரின் பெயரையும் வாசகத்தையும் மாற்றினார்கள். இப்போது 22 எழுத்து. வளர்ச்சி!

மற்றவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஆப்பிள் ‘சக்சஸ்’ என்ற வார்த்தையை எதிர்பார்க்கிறது. கூகுளின் ஆண்ட்ராய்டு 204 என்ற எண்ணை எதிர்பார்க்கிறது. ‘வந்தாய், சந்தோஷம், சொல்ல ஒன்றுமில்லை’ என்பது அதன் பொருள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ரயில்வே ஸ்டேஷன் வைஃபையிலோ ஹோட்டல் வைஃபையிலோ சேர்ந்தால், நீங்கள் எந்தப் பக்கம் கேட்டாலும் ‘மொபைல் நம்பர் கொடு, ஓ.டி.பி. கொடு’ என்று ஒரு பக்கம் குறுக்கே நிற்கும். எதிர்பார்த்த 22 எழுத்துக்குப் பதில் வேறு ஏதோ வந்ததைப் பார்த்து, ‘ஓகோ, வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார்’ என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும். அந்தப் பக்கத்தை அதுவே திறந்தும் காட்டும். பூட்டு போடாத எச்.டி.டி.பி. முகவரியில் இந்தச் சோதனை நடப்பதும் அதற்காகத்தான். பூட்டிய முகவரி என்றால் வாட்ச்மேனால் குறுக்கே வர முடியாது. தகராறுதான் வரும்.

*

இனி புகார்.

ஒரு நிறுவனத்தின் ஒரு சர்வரைத் தொட முடிந்தால் உனக்கு இன்டர்நெட் இருக்கிறது, முடியாவிட்டால் இல்லை என்பது என்ன நியாயம்? தெருமுனை டீக்கடை மூடியிருந்தால் ஊரே மூடிவிட்டது என்று சொல்வது மாதிரி. சில அலுவலகங்களில் பாதுகாப்புக்காக வெளிச் சர்வர்களைத் தடுத்து வைத்திருப்பார்கள். உள்ளே எல்லாம் ஓடும், வேலை நடக்கும், மூலையில் மட்டும் ‘நெட் இல்லை’ என்று ஒப்பாரி. கூகுளுக்குத் தடை உள்ள சீனாவில் நன்றாக வேலை செய்யும் நெட்டையும் பல ஆண்ட்ராய்டு போன்கள் சந்தேகித்த கதையும் இதே ரகம்தான்.

சோதனை இரண்டு விதமாகத் தப்பலாம். இல்லாததை இருக்கிறது என்று சொல்லலாம். இருப்பதை இல்லை என்று சொல்லலாம். முதலாவது பெரிய பாவமில்லை. அப்ளிகேஷன் முயற்சி செய்யும், தோற்கும், விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். இரண்டாவதுதான் ஆபத்து. ‘நெட் இல்லையாமே’ என்று அப்ளிகேஷன் முயற்சியே செய்யாது. செய்தால் ஜெயித்திருக்கும்!

கற்பனை இல்லை, நடந்தது. 2020 பிப்ரவரி கடைசியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு, ப்ராக்ஸி வழியாக, முக்கியமாக வி.பி.என். போட்டு நெட்டுக்குப் போகிற சில கம்ப்யூட்டர்களில் ‘இணைப்பு இல்லை’ என்று தப்பாகக் காட்ட ஆரம்பித்தது. அவுட்லுக், டீம்ஸ், ஆஃபீஸ் போன்றவை இணைய முடியாமல் திணறலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டது. அவசர மருந்து வந்த தேதி 2020 மார்ச் 30. அதற்கு ஐந்து நாள் முன்னால்தான் இந்தியாவில் ஊரடங்கு தொடங்கியிருந்தது. வி.பி.என். போட்டு வீட்டிலிருந்து வேலை பார்ப்பது என்பது வசதி என்ற நிலை மாறி பிழைப்பாகிவிட்ட வாரம் அது. மேனேஜரிடம் ‘சார், நெட் இருக்கு, ஆனா இல்லைன்னு சொல்லுது’ என்றால் எந்த மேனேஜர் நம்புவார்? ‘நெட் இல்லை’ என்று நம்பிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கான மருந்து நெட்டில்தான் இருந்தது என்பது கூடுதல் விசேஷம்.

இதில் பாதிப் பழி அப்ளிகேஷன் எழுதுபவர்களுக்குப் போக வேண்டும். நெட் இருக்கிறதா என்று விண்டோஸிடம் கேட்க ஒரு பழைய வழி உண்டு. அதன் கையேட்டிலேயே மைக்ரோசாஃப்ட் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது: ‘ஆம்’ என்று பதில் வந்தாலும் நீங்கள் தேடும் குறிப்பிட்ட சர்வர் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, இணைக்கும்போது பிழை வருகிறதா என்று எப்போதும் பாருங்கள் என்கிற பொருளில். கையேட்டை யார் படிக்கிறார்கள்? ப்ரெஷர் குக்கர் வாங்கினால் நாம் படிக்கிறோமா?

இன்னொரு நுணுக்கம். ‘இருக்கிறது’ என்ற பதில் உண்மையாகவே இருந்தாலும், அது கேட்ட நொடிக்கு மட்டும் உண்மை. அடுத்த நொடி லிஃப்டுக்குள் போய்விட்டால் போச்சு. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பீட்டர் டாய்ச் என்பவர் 1994-ல் புரோகிராமர்களின் மூடநம்பிக்கைகளைப் பட்டியல் போட்டார். ‘நெட்வொர்க் நம்பகமானது’ என்பதற்கு அதில் முதலிடம்.

*

அப்படியானால் என்னதான் செய்யவேண்டும்?

ஒன்று, கேட்காதே, செய்துபார். மெயில் அனுப்பவேண்டுமா, அனுப்பு. போகாவிட்டால் அவுட்பாக்ஸில் வைத்துக்கொள். தபால்பெட்டி, தபால்காரர் வந்தாரா என்று விசாரித்துவிட்டா கடிதத்தை வாங்கிக்கொள்கிறது?

இரண்டு, தோற்றால் மறுபடி முயற்சி செய், ஆனால் நச்சரிக்காதே. ஒரு நொடி கழித்து, பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போ. 1970-களில் ஈதர்நெட்டை வடிவமைத்தவர்கள் காட்டிய நாகரிகம் இது.

மூன்று, பண விஷயத்தில் ஜாக்கிரதை. கேள்வி போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்துவிட்டால், இரண்டு முறை போனாலும் ஒரு முறைதான் கணக்கு. செக் நம்பர் போல.

நான்கு, உண்மையைச் சொல். ‘உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்ற வாசகத்தைப் போல ஒரு அநியாயம் கிடையாது. கோளாறு ரவுட்டரில் இருக்கலாம், நெட் கம்பெனியில் இருக்கலாம், பெயரை முகவரியாக மாற்றும் டி.என்.எஸ்.ஸில் இருக்கலாம், அவர்களுடைய சர்வரே படுத்திருக்கலாம். எதுவானாலும் பழி உங்கள் மேல். கடைசித் தேதியன்று முக்கால் மணி நேரம் விண்ணப்பம் பூர்த்தி செய்த பெண்ணிடம் ஒரு மெஷின் இப்படிச் சொன்னால், அவள் தன் ஏழை நெட் கனெக்‌ஷனைத்தான் திட்டிக்கொள்வாள். எழுதியதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ‘எங்கள் பக்கம் கோளாறு, நீங்கள் எழுதியது பத்திரம்’ என்று சொல்ல சில வரி புரோகிராம் போதும். மனசுதான் வேண்டும்.

அதுவரை நமக்கு ஒரு தற்காப்பு. அடுத்த முறை ஏதாவது அப்ளிகேஷன் ‘நெட் இல்லை’ என்று சொன்னால், பிரவுசரில் சம்பந்தமே இல்லாத இரண்டு தளங்களைத் திறந்துபாருங்கள். திறந்தால், ரவுட்டரை அணைத்துப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். திறந்த பக்கத்தையும் பிழைச் செய்தியையும் சேர்த்துப் படம் பிடித்து, கடைசித் தேதி முடிவதற்குள் அவர்களுக்கே அனுப்பி வையுங்கள். நெட் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.