கிழங்கும் குறிப்பும்

பெண்கள் இதழ்களின் சமையல் இணைப்பில் மரவள்ளிக்கிழங்கும் உருளைக்கிழங்கும் இடம்பெறும் பக்கத்துக்கு ஏறக்குறைய மாறாத ஒரு வடிவம் உண்டு. மேலே படம், நடுவில் தேவையான பொருட்கள், அடுத்து செய்முறை, கீழே ஒரு கட்டத்துக்குள் சத்துகள். உடனடி ஆற்றல் தரும், வளரும் குழந்தைகளுக்கு ஏற்றது, உழைப்பவர்களுக்குத் தெம்பு. இந்தப் பட்டியலில் சமைப்பவள் எங்கே சாப்பிடுகிறாள் என்று தேடிப் பாருங்கள். அவள் வினைகளில் மட்டுமே இருக்கிறாள்: நறுக்கவும், வேகவைக்கவும், சூடாகப் பரிமாறவும். எழுவாயே வேண்டாத அந்த ‘-வும்’ பற்றி நம் இலக்கண வகுப்புகளில் பேசுவதில்லை. பேசலாம்.

கட்டத்துக்குள் இருப்பது பொய்யல்ல. 100 கிராம் பச்சை மரவள்ளியில் சுமார் 160 கலோரி, 38 கிராம் மாவுச்சத்து. அதே அளவு உருளைக்கிழங்கில் சுமார் 77 கலோரி, 17 கிராம் மாவுச்சத்து, அதோடு 20 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி. குறைந்த காசில் வயிறு நிறைக்க இவற்றை மிஞ்ச அதிகம் இல்லை. ஆனால் புரதம் மரவள்ளியில் 1.4 கிராம், உருளையில் 2 கிராம் மட்டுமே. வளர்ந்த ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. மரவள்ளியிலிருந்தே அதைப் பெறுவதென்றால் மூன்று கிலோவுக்கு மேல் தின்னவேண்டும். இரும்புச்சத்தும் இரண்டிலும் சொற்பம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. கிழங்கைப் புகழும் பக்கத்தில் இந்த எண்ணுக்கு இடமில்லை.

கிழங்கு தனியாக உண்ணப்படுவதில்லையே என்று கேட்கலாம். சரிதான். கன்னியாகுமரிப் பக்கம் அது மரச்சீனி. தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்துப் போட்டு மசித்து, மீன்கறியோடு உண்பார்கள். திருவிதாங்கூரில் இக்கிழங்கைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் என்று வரலாறு சொல்கிறது. 1942இல் பர்மா அரிசி வருவது நின்றபோது அந்தச் சீமையின் ஏழைகளைத் தாங்கியதும் இதுதான். கிழங்கும் மீனும் ஊட்டச்சத்து நோக்கில் அருமையான ஜோடி: ஒன்றில் மாவு, மற்றதில் புரதம். ஆனால் அந்த ஜோடி சட்டியில்தான் சேர்ந்திருக்கிறது. தட்டுக்கு வரும்போது துண்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடுகிறது. கடைசியில் அமர்பவளுக்குக் கிழங்கும் சாறும். ‘நான்கு பேருக்குப் பரிமாறலாம்’ என்று குறிப்பு முடிகிறபோது, அந்த நால்வரும் ஒரே உணவைத்தான் உண்கிறார்கள் என்று நம்மை நம்பவைக்கிறது. சத்துப் பட்டியலின் மிகப் பெரிய புனைவு இதுதான் என்பேன்.

இன்னொரு மௌனம் நஞ்சைப் பற்றியது. மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் அது சிதைந்து சயனைடை வெளியிடும். தோலிலும் இலையிலும் கூடுதல், கசப்பு வகைகளில் மிகக் கூடுதல். தோலை முழுதாக உரி, சிறிதாக நறுக்கு, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவி, தண்ணீரை வடித்துக் கொட்டு என்று தாயும் மாமியாரும் சொல்லித்தந்தது வெறும் கைப்பழக்கம் அல்ல, வேதியியல். இலங்கைத் தமிழர் வீடுகளில் மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக்கூடாது என்று ஒரு விலக்கும் உண்டு. நஞ்சுள்ள ஒரு கிழங்கை எச்சரிக்கையோடு கையாண்டவர்களின் நினைவு அது. இன்றைய குறிப்போ குக்கரில் மூன்று விசில் என்று முடித்துக்கொள்கிறது. நம் சந்தைக்கு வரும் இனிப்பு வகைகளில் பேராபத்து இல்லைதான். ஆனாலும் மன்னரின் பெயர் வரலாற்றில் நிற்க, நீரை வடிக்கக் கற்றவர்களின் அறிவு மட்டும் சமையல் பக்கத்திலிருந்துகூட உதிர்ந்துவிடுகிறது.

அந்த அறிவு இருந்தும் நேரமும் தண்ணீரும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் சான்று இருக்கிறது. காங்கோவில் கொன்சோ என்றொரு நோய். 1938இல் டிரோலி என்ற மருத்துவர் அதைப் பதிவு செய்தார். திடீரென இரு கால்களும் விறைத்துச் செயலிழக்கும், மீளாது. யாக்கா மொழியில் அச்சொல்லுக்குக் கட்டப்பட்ட கால்கள் என்று பொருள். கசப்பு மரவள்ளியைச் சில நாட்கள் நீரில் ஊறவைத்து நஞ்சு நீக்குவது அங்கே வழக்கம். வறட்சியும் போரும் வந்து ஊறும் நாட்கள் குறைந்தபோது, புரதமும் இல்லாத உடல்களில் நோய் இறங்கியது. அதிகம் பாதிக்கப்படுபவர்கள் குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும். புரதக் குறையும் நஞ்சும் ஒரே உடலில் சந்திக்கின்றன. அந்த உடல் பெரும்பாலும் யாருடையது என்பதுதான் நாம் கேட்கவேண்டியது.

உருளைக்கிழங்குக்கும் இப்படியொரு சின்னக் கதை இருக்கிறது. பச்சை பூத்த, முளைவிட்ட கிழங்கில் சொலனின் கூடியிருக்கும். அவித்தாலும் பெரிதாகக் குறையாது. வீணாக்க மனம் வராமல் பச்சையைச் செதுக்கிவிட்டு மிச்சத்தைத் தன் பங்குக்கு வைத்துக்கொள்கிறவள் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போனால் மூட்டை மூட்டையாய்க் கிழங்கைக் குவித்து வைத்து, உட்கார்ந்தபடி தோல் சீவும் பெண்களைப் பார்க்கலாம். அந்த ஜவ்வரிசி, புரதம் அநேகமாக எதுவும் மிஞ்சாத வெறும் மாவு. விரத நாளில் அதையே கஞ்சியாகக் குடிக்கிறவர்களும் பெண்கள்தாம். விரதத்துக்கு ஏற்ற சத்தான உணவு என்று அதற்கும் ஒரு கட்டம் போடப்படுகிறது.

குறிப்புகளே வேண்டாம் என்பதல்ல என் வாதம். கிழங்கோடு ஒரு பிடி பாசிப்பயறோ, நெத்திலியோ, முட்டையோ சேர்க்கச் சொல்லலாம். தண்ணீரை வடிக்கச் சொல்லலாம். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதில் தோலுரிக்கும் நேரத்தையும் கூட்டலாம். இவற்றை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பக்கங்களில் பார்த்திருக்கிறேன். சமைப்பவளின் மீன் துண்டை முதலில் எடுத்துவைத்துவிட்டுப் பிறகு பரிமாறவும் என்று எழுதிய குறிப்பை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.