ஊசி போகிறது, மருந்து சேர்வதில்லை

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் போக்கை மாற்றும் மருந்தாக 1993இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது இன்டர்ஃபெரான் பீட்டா-1பி. ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி இது. போட்ட இடம் சிவந்து தடிக்கும், இரவில் காய்ச்சலும் உடல்வலியும் வரும். இத்தனையையும் பொறுத்துக்கொள்ளும் நோயாளிக்கு மருந்து உடலில் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டாமா? மருந்தை முடக்கும் எதிர்ப்பொருள்கள் பற்றிய இருபது ஆண்டு விவாதத்தின் சாரம் இந்தக் கேள்விதான்.

இந்த மருந்து ஈ.கோலை பாக்டீரியாவில் தயாராகிறது. மனித இன்டர்ஃபெரானில் உள்ள சர்க்கரைச் சங்கிலி இதில் இல்லை. ஓர் அமினோ அமிலமும் மாற்றப்பட்டிருக்கிறது. உடல் இதை அந்நியமாகக் கண்டு எதிர்ப்பொருள் உண்டாக்குவதில் வியப்பில்லை. பாலூட்டிச் செல்களில் தயாராகும் பீட்டா-1ஏ வகையில் இது குறைவு. ஆனால் அங்கும் ஊசி போடும் இடமும் தடவையும் கணக்கில் வருகின்றன. 2002இல் வெளியான எவிடென்ஸ் ஆய்வில், வாரம் மூன்று முறை தோலுக்கடியில் போட்டவர்களில் 25 சதவீதத்தினரிடம் எதிர்ப்பொருள் காணப்பட்டது; வாரம் ஒருமுறை தசையில் போட்டவர்களிடம் 2 சதவீதம்தான்.

மறுப்பாளர்கள் தங்கள் வாதத்துக்கு எடுத்துக்கொள்வதும் இதே ஆய்வைத்தான். எதிர்ப்பொருள் அதிகம் தோன்றிய பிரிவினருக்கே நோய்த் தாக்குதல் குறைவாக இருந்தது, அப்படியிருக்க எதிர்ப்பொருளால் என்ன கேடு என்கிறார்கள். வாதம் கனமானதாகத் தோன்றினாலும் காலக்கணக்கு அதைக் கவிழ்க்கிறது. எதிர்ப்பொருள் உருவாகவே பெரும்பாலும் ஆறு முதல் பதினெட்டு மாதங்கள் ஆகும். ஓராண்டைக்கூட எட்டாத ஒப்பீட்டில் அதன் தீங்கு எப்படித் தெரியும்? பீட்டா-1ஏ பற்றிய பிரிஸ்ம்ஸ் ஆய்விலும் முதல் இரண்டு ஆண்டுகளில் வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில்தான் எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்குத் தாக்குதல்கள் கூடின.

என் தராசை ஒரு பக்கம் சாய்த்தது டென்மார்க். பெர் சோல்பெர்க் சோரன்சென் குழுவினர் 541 நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் வரை கவனித்து, 2003இல் லான்செட்டில் எழுதினார்கள். எதிர்ப்பொருள் இருந்த காலத்தில் ஆண்டுத் தாக்குதல் விகிதம் 0.64 முதல் 0.70 வரை, இல்லாத காலத்தில் 0.43 முதல் 0.46 வரை. ஒரே நோயாளியின் இருவேறு காலங்களும் கணக்கில் வந்ததுதான் இதன் பலம்.

ஆய்வகத்தில் நடப்பதைப் பார்த்தால் ஐயம் இன்னும் குறைகிறது. வளர்ப்புச் செல்களில் நோயாளியின் சீரத்தையும் இன்டர்ஃபெரானையும் சேர்த்து, பிறகு வைரஸை விடுகிறார்கள். இன்டர்ஃபெரான் வேலை செய்தால் செல்கள் பிழைக்கும். எதிர்ப்பொருள் அதை முடக்கிவிட்டால் செல்கள் செத்துத் தட்டின் அடியிலிருந்து உரிந்துவிடும். நோயாளியின் இரத்தத்திலும் இதையே காணலாம்: ஊசிக்குப் பின் உயர வேண்டிய எம்எக்ஸ்ஏ என்னும் புரதம், எதிர்ப்பொருள் மிகுந்தவர்களிடம் உயர்வதே இல்லை. உயிரணுவைத் தொடாத மருந்து நோயை மட்டும் தணிக்கும் என்று எப்படிச் சொல்வது?

ஐரோப்பிய நரம்பியல் கூட்டமைப்பு 2005இல், 12ஆம், 24ஆம் மாதங்களில் பரிசோதிக்கச் சொன்னது. அமெரிக்க நரம்பியல் அகாதெமியோ 2007இல், எதிர்ப்பொருள் பலனைக் குறைப்பது அநேகமாக உண்மை என்று ஒப்புக்கொண்டும், எப்போது, யாரைச் சோதிப்பது என்று சொல்லப் போதிய சான்றில்லை என்று நின்றுவிட்டது. பாதியில் நின்ற இந்த முடிவு எனக்கு ஏற்புடையதல்ல. இதே நோய்க்குத் தரப்படும் நட்டலிசுமாப் மருந்துக்கு இதே தயக்கம் எழவில்லை. அதன் அஃபர்ம் ஆய்வில் 6 சதவீதத்தினரிடம் எதிர்ப்பொருள் நீடித்தது. அவர்களிடம் பலன் குறைந்தது, மருந்து ஏற்றும்போது ஒவ்வாமையும் கூடியது. அவர்களுக்கு அதை நிறுத்துவதே வழக்கமாயிற்று.

அமெரிக்கத் தரப்பின் எச்சரிக்கையில் ஒரு பகுதி நியாயமானது. குறைந்த அளவு எதிர்ப்பொருள், குறிப்பாக பீட்டா-1பி பெறுபவர்களிடம், தானாகவே மறைவதுண்டு. ஒரே சோதனையை நம்பி மருந்தை நிறுத்துவது தவறு. ஆனால் சில மாத இடைவெளியில் இரு சோதனைகளிலும் எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருந்து, எம்எக்ஸ்ஏவும் எழவில்லை என்றால், நோயாளி நலமாகத் தோன்றினாலும் அந்த ஊசியை நிறுத்திவிட்டு வேறு வகை மருந்துக்கு மாற்ற வேண்டும். இன்னொரு பெயரில் உள்ள பீட்டா இன்டர்ஃபெரானுக்கு மாற்றிப் பயனில்லை. எதிர்ப்பொருள் அதையும் முடக்கிவிடும்.