குழலிடைப் பட்டையில் ஒரு பெயர்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் உரிமத் துப்பாக்கியின் கதையைக் காவல் நிலையப் பதிவேடுகளிலிருந்து எழுதுவதைவிட, அதை விற்ற, பழுதுபார்த்த கடைகளின் வழியாக எழுதுவதே பொருந்தும். மல்லாட்டை என்று இப்பகுதியில் வழங்கும் நிலக்கடலைக் கொல்லையில் புகும் காட்டுப்பன்றிக்காகவும், மரக்காணத்தை ஒட்டிய கழுவெளியில் குளிர்காலத்தில் இறங்கும் வாத்துக்கூட்டங்களுக்காகவும் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு, அக்கடை பலசரக்குக் கடையைப் போலவே வாழ்க்கையோடு ஒட்டியதாக இருந்தது. ஒரு தோட்டாவில் பொதுவாக ஆறு பெரிய குண்டுகள் அடங்கிய எல்.ஜி., ஒன்பது அடங்கிய எஸ்.ஜி., பறவைகளுக்கான பொடி ரவை, வாய்வழி மருந்திட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கான கேப்பு ஆகிய அனைத்தும் அங்கே எடைக்கும் எண்ணிக்கைக்கும் கிடைத்தன.

இந்த வணிகத்தின் உச்சம் எது என்ற கேள்விக்கு, சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் பெயர் பொறித்த இரட்டைக்குழல் துப்பாக்கியையே விடையாகக் காட்டவேண்டும். 1849இல் கடிகாரக் கடையாகத் தொடங்கி, 1879இல் இராபர்ட் சிசோம் வடிவமைத்த மாளிகைக்குக் குடிபோன இந்நிறுவனம், வெள்ளிப் பாத்திரங்களோடும் அளவைக் கருவிகளோடும் வேட்டைத் துப்பாக்கிகளையும் விற்றது. இங்கிலாந்தில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்த இத்தகைய துப்பாக்கிகளில், இரு குழல்களையும் இணைத்து நீளவாக்கில் ஓடும் பட்டையின் மீது விற்றவரின் பெயரைப் பொறிப்பதே அக்கால வழக்கமாதலால், செய்த தச்சனும் கொல்லனும் பெயரின்றி மறைய, கடையின் பெயரும் மதராஸ் என்ற ஊர்ப்பெயரும் மட்டும் எஃகில் நின்றன. கடிகாரம் விற்றவர்கள் துப்பாக்கியும் விற்றதில் வியப்பில்லை. விசையை இழுத்ததும் குதிரை எனப்படும் சுத்தியலை விடுவிக்கும் பொறியும் கடிகாரத்தின் உள்ளுறுப்பும் வில்லையும் கொக்கியையும் நம்பி வாழும் உடன்பிறப்புகளே. இரண்டிலும் நல்ல வேலைப்பாட்டைக் கண்ணுக்கு முன்னால் காது அறிந்துகொள்கிறது. குழல்களை மடக்கி மூடும்போது உலோகம் உலோகத்தோடு மோதாமல் ஒரே ஒரு தாழ்ந்த ஒலியோடு பொருந்துவதே அந்த வேலைப்பாட்டின் அடையாளம் என்பதில் பழகியவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

கருத்து வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. இலண்டனின் பர்டி, ஹாலண்டு நிறுவனங்கள் செய்த, விசைப்பொறியைப் பக்கத்தகடுகளில் பதித்த துப்பாக்கிகளே உயர்ந்தவை என்று வாதிடுவோர் பலர். அவற்றின் செதுக்கு வேலையின் அழகை மறுப்பதற்கில்லை. ஆயினும் 1875இல் பர்மிங்காமில் ஆன்சனும் டீலியும் காப்புரிமை பெற்ற பெட்டிப்பொறி, குறைந்த உறுப்புகளைக் கொண்டு, குழலைத் திறக்கும் அசைவிலேயே குதிரையை ஏற்றிவிடுகிறது. தகடு பதிக்க மரத்தை அதிகம் குடைய வேண்டாமாதலால் கட்டையின் வலுவும் குறைவதில்லை. உப்பளக் காற்று இரும்பைத் தின்னும் மரக்காணக் கரையில், ஐப்பசி மழையில் கட்டை ஊறி உப்பும் ஊரில், எளிமையே உயர்வு என்று கொள்வதுதான் நியாயம். காகித உறைத் தோட்டாக்கள் அதே ஈரத்தில் வீங்கிக் குழலறைக்குள் நுழைய மறுத்த காலத்தை அறிந்தவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வர்.

கடைகளின் சரிவுக்கு ஒரே காரணம் இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய, உட்புறம் வழவழப்பான துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவருக்கும், நாட்டுத் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்பவருக்கும் ஓரளவு இடம் தந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டின் திருத்தமும் வேட்டையை முடித்துவைத்தன. 1980களின் நடுவில் வணிக இறக்குமதி நின்றது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 1983இல் மூன்றாகவும் 2019இல் இரண்டாகவும் வரையறுக்கப்பட்டது. கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதை வாத்துகளின் பொருட்டு வரவேற்க வேண்டும். அங்கே வேட்டையாடி வாழ்ந்த நரிக்குறவர் குடும்பங்களுக்கு மாற்றுப் பிழைப்பு ஏற்படுவதற்குள் துப்பாக்கி குற்றப்பொருளாகிவிட்டது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

இறக்குமதி நின்றபின் முங்கேரிலும் ஜம்முவிலும் செய்த பன்னிரண்டு போர் துப்பாக்கிகளே, அதாவது ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டாகப் பிரித்த உருண்டையின் விட்டமே குழலின் விட்டமாக அமைந்தவையே, கடைகளை நிரப்பின. அவை சுடும், அதற்குமேல் அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரமும் உலோகமும் சந்திக்கும் கோட்டில் நகம் நுழையும் இடைவெளியைக் குறையென்று கருதாத தலைமுறையே அவற்றை வாங்கியது. வாங்குபவரின் கை நீளத்தையும் கழுத்தின் வளைவையும் பார்த்து, கட்டையைக் கால் அங்குலம் சீவியோ அடியில் துண்டு சேர்த்தோ தோளுக்குப் பொருத்தித் தரும் கலை, கேட்பார் இல்லாமலேயே மறைந்தது.

இறுதிக் காலத்தில் இக்கடைகள் பலவும் விற்பனையால் அன்றிக் காவற்கூலியால் பிழைத்தன. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கும் நடைமுறையினால், தேர்தல் காலம் அவற்றின் அறுவடைக் காலமாயிற்று. தந்தையின் துப்பாக்கிக்குத் தம் பெயரில் உரிமம் பெற விரும்பாத வாரிசுகள் அதைத் திரும்ப எடுக்க வராமல் போகும்போது, பட்டையில் மதராஸ் என்று பொறித்த துப்பாக்கியும் விசைக்காப்பில் அட்டை கட்டப்பட்டு அடுக்கில் சாய்ந்துவிடும். கடையை மூடும் வணிகர் தம் இருப்பில் உள்ள ஒவ்வொரு குழலுக்கும், எஞ்சிய தோட்டாக்களுக்கும், விற்பனைப் பேரேடுகளுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். கட்டை சீவிய உளிக்கும், வில்லைத் தேய்த்த அரத்துக்கும், குழலைத் துடைத்த கோலுக்கும் அந்தக் கணக்கில் பத்தி இல்லை.