பழம்பாடல் வானொலியும் பல்வகைமையும்

கடந்துபோன ஒரு தசாப்தத்தின் புகழ்பெற்ற பாடல்களை மட்டும் ஒலிபரப்பும் வானொலி நிலையம், அத்தசாப்தத்தைக் காத்துத் தருவதாகவே நேயர்களிடம் கூறிக்கொள்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1970களிலிருந்து பெருகிய இத்தகைய நிலையங்களை நோக்குமிடத்து இக்கூற்று ஐயத்துக்குரியதாகின்றது.

1960களின் பட்டியலையே எடுத்துக்கொள்ளலாம். பில்போட் சஞ்சிகை வாரந்தோறும் வெளியிட்ட 100 பாடல்களின் வரிசையில், 1963 யூனில் முதலிடம் பெற்றது கியூ சக்கமோட்டோ பாடிய யப்பானிய மொழிப் பாடல். அதே ஆண்டு டிசெம்பரில் அவ்விடத்தில் இருந்தது பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் பிரெஞ்சு மொழியில் பாடிய பாடல். 1966இல், வியட்நாம் போர் நடந்துகொண்டிருக்கையில், அமெரிக்கச் சிறப்புப் படையினரைப் போற்றிப் பரி சாட்லர் பாடிய பாடல் 5 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அவ்வாண்டு யூலையில் பீற்றில்ஸ் குழுவினரை ஒரு வாரம் கீழிறக்கியவர் ஐம்பது வயதான பிராங் சினாற்றா. வெற்றிப்பாடல் நிலையமொன்றைக் கேட்ட அக்கால இளைஞனின் காதில் இவையெல்லாம் அடுத்தடுத்து விழுந்தன. விரும்பாததையும் கேட்டே விரும்பியதை அடைந்தான்.

பின்வந்த பழம்பாடல் நிலையங்களிலோ இவற்றுட் பல அரிதாகவே ஒலித்தன. சில நூறு பாடல்களே மீண்டும் மீண்டும் சுழன்றன. இதற்குக் காரணம் தேர்வு முறையாகும். நேயர் சிலரை ஒரு மண்டபத்தில் அமர்த்தி, நூற்றுக்கணக்கான பாடல்களிலிருந்து ஒவ்வொன்றிலும் சில விநாடித் துணுக்கை இசைத்துப் புள்ளியிடச் செய்வர். குறைந்த புள்ளி பெற்றவை நீங்கும். இம்முறை பெரிதும் அளப்பது இரசனையையன்று, பழக்கத்தையே. ஒலித்தது பழகுகின்றது, பழகியதே மறுபடி ஒலிக்கின்றது. அறியாத பாடல் வந்தால் வாகனத்திற் செல்பவர் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார் என்ற ஒலிபரப்பாளரின் அச்சம் நியாயமற்றதன்று. ஆயினும் அதன் விலை சிறிதன்று. படைவீரரை வாழ்த்திய பாடலும் அக்காலத்தின் குரலே. அதனை நீக்கியபின் எஞ்சும் அறுபதுகள் காதலும் கடற்கரையுமாகச் சுருங்கிவிடுகின்றன. அக்காலத்தை வாழ்ந்தறியாதவர் அதனையே வரலாறெனக் கொள்வர்.

நியூயோர்க்கின் டபிள்யூ.சி.பி.எஸ். எப்.எம். நிலையத்தின் கதை இங்கு மனங்கொளத்தக்கது. 1972 முதல் பழம்பாடல்களை வழங்கிய அந்நிலையம், 2005 யூன் 3ஆம் திகதி திடீரென அவற்றைக் கைவிட்டு, பல தசாப்தப் பாடல்களை அறிவிப்பாளரின்றிக் கலந்து தரும் 'ஜாக்' முறைக்கு மாறியது. பல்வகைமையே அதன் விளம்பரம். (எதையும் எதனோடும் கலப்பது பல்வகைமையாகுமா என்பது வேறு வினா.) நேயர்களின் எதிர்ப்பு வலுத்தது, ஒவ்வொரு பாடலுக்கும் காலமும் இடமும் சொல்லி அறிமுகஞ் செய்த குரல்களையும் அவர்கள் இழந்திருந்தனர். 2007 யூலை 12ஆம் திகதி பழைய முறை மீண்டது. ஆனால் 1950களின் பாடல்கள் பெரும்பாலும் திரும்பவில்லை. அவற்றோடு வளர்ந்தவர்கள், விளம்பரதாரர் பெரிதும் நாடும் 25 முதல் 54 வரையான வயதெல்லையைக் கடந்துவிட்டிருந்தனர்.