இருமொழிப் பள்ளி: மாட்ரிட் கணக்கும் ஆலங்குடிக் கணக்கும்

போன மாசம் அக்கா மகள் போன் பண்ணினாள். "மாமா, ஸ்பெயின்ல ப்ரைமரி டீச்சர் வேலை இருக்காம். அங்க எல்லா கவர்மென்ட் ஸ்கூல்லயும் இங்கிலீஷ்ல பாடம் எடுக்க ஆள் தேடுறாங்களாம். ஸ்பானிஷே தெரிய வேண்டாம்னு ஏஜென்ட் சொல்றார். நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

பி.ஏ. ஆங்கில இலக்கியமும் தொடக்கக் கல்வி டிப்ளமோவும் முடித்தவள். ஆலங்குடி பக்கம் ஒரு தனியார் நர்சரி பிரைமரியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறாள். எங்க வீட்டில் எதையாவது தேடிப் பார்க்கணும்னா என் தலையில்தான் வந்து விழும். இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். வேலை விஷயம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. அந்த வழியே போய் வேறொரு விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

முதலில் வேலை. ஸ்பெயின் அரசுப் பள்ளியில் வகுப்பாசிரியர் என்பவர் போட்டித் தேர்வு எழுதி வந்த அரசு ஊழியர். ஸ்பெயின் அல்லது ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை வேண்டும். விதிவிலக்குகள் குறைவு. தனியார் பள்ளி என்றால் நம்ம பட்டத்துக்கு அங்கே அங்கீகாரம் வாங்கணும், பள்ளி வேலை விசாவுக்கு முன்வரணும். மூன்றாவதாக 'உரையாடல் உதவியாளர்' என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இதில்தான் போகிறார்கள். வாரத்துக்குப் பன்னிரண்டு, பதினாறு மணி நேரம் என்று வகுப்பில் ஆங்கிலம் பேசணும். கிடைப்பது சம்பளம் அல்ல, உதவித்தொகை. வகுப்பை நடத்துவது உள்ளூர் ஆசிரியர். இவர் துணை மட்டும். "ஏஜென்ட் சொல்ற வேலை இந்த மூணுல எதுன்னு எழுத்துல வாங்கு. அதுவரைக்கும் பைசா குடுக்காதே"ன்னு சொல்லிவிட்டேன். வேலைப் பேச்சு அதோடு சரி.

ஆனால் ஸ்பெயின் அரசுக்கு ஆங்கிலம் பேச இத்தனை ஆள் எதுக்கு? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

1996-இல் ஸ்பெயின் கல்வி அமைச்சகமும் பிரிட்டிஷ் கவுன்சிலும் ஒப்பந்தம் போட்டு நாற்பதுக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்திலும் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். 2004-இல் மாட்ரிட் மாநிலம் 26 தொடக்கப் பள்ளிகளோடு தனித் திட்டம் தொடங்கியது. அதன் வடிவமைப்பைப் பார்த்தபோது ஒரு இன்ஜினியராக எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாரப் பாடநேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது ஆங்கிலத்தில் நடக்கணும். ஆனால் கணக்கும் ஸ்பானிஷ் மொழிப்பாடமும் ஸ்பானிஷில்தான், அதில் கை வைக்கக் கூடாது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருடத்துக்கு ஒரு வகுப்பாக மேலே போகும். ஆங்கிலத்தில் பாடம் எடுக்கும் ஆசிரியர் தன் ஆங்கிலத்தைத் தனியாக நிரூபித்துத் தகுதிச் சான்று வாங்கணும். ஐரோப்பிய அளவுகோலில் அது சி1, அதாவது கடைசிப் படிக்கு முந்தின படி. அதற்குக் கூடுதல் ஊதியமும் உண்டு.

முதல் தொகுதிப் பிள்ளைகள் 2009-10-இல் ஆறாம் வகுப்புக்கு வந்தார்கள். மாட்ரிடில் ஆறாம் வகுப்புக்கு மாநிலம் முழுக்க ஒரே பொதுத் தேர்வு இருந்தது. ஆகவே திட்டத்தில் இருந்த பள்ளியையும் இல்லாத பள்ளியையும் ஒப்பிட முடிந்தது. பிரிந்துசா ஆங்கேல், அந்தோனியோ கப்ராலெஸ், ஹெசூஸ் காரோ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். கட்டுரை 2016-இல் 'எகனாமிக் இன்கொயரி' இதழில் வந்தது. அவர்கள் அளந்தது ஆங்கிலம் எவ்வளவு வந்தது என்பதை அல்ல. மற்ற பாடங்களுக்கு என்ன ஆச்சு என்பதை.

முடிவு இது. ஸ்பானிஷில் நடத்திய கணக்கிலும் வாசிப்பிலும் தெளிவான பாதிப்பு யாருக்கும் இல்லை. ஆங்கிலத்தில் நடத்திய பாடத்தில், அதாவது நம்ம சூழ்நிலையியல் மாதிரியான பாடத்தில், பெற்றோர் மேல்நிலைக் கல்வி முடிக்காத பிள்ளைகள் தெளிவாகப் பின்தங்கினார்கள்.

இதில் ஓட்டை தேடினேன். முதல் சந்தேகம்: பள்ளிகள் தாமாக விண்ணப்பித்துத் திட்டத்துக்கு வந்தவை, பெற்றோரும் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். ஆரம்பத்திலேயே இரண்டு கூட்டமும் ஒன்றல்ல. ஆய்வாளர்கள் இதை உணர்ந்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள், ஆனாலும் இந்த மாதிரிச் சந்தேகம் முழுக்கத் தீராது. இரண்டாவது சந்தேகம் இன்னும் பெரிது: பாடம் படித்தது ஆங்கிலத்தில், தேர்வு நடந்தது ஸ்பானிஷில். பையனுக்கு விஷயம் தெரிந்திருக்கலாம், ஸ்பானிஷில் அந்தச் சொல் தெரியாமல் விட்டிருக்கலாம். நியாயமான வாதம்தான். ஆனால் படித்த வீட்டுப் பிள்ளையும் அதே தேர்வைத்தான் எழுதியது. அந்தச் சொல் அந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து கிடைத்தது? வீட்டிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஆய்வு போதாமல் நிற்கும் இடம் இதுதான். 'பெற்றோரின் கல்வி' என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டால், படிக்காத பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது, அதனால் பிள்ளை தோற்றது என்று வாசிப்பது சுலபம். அப்படி வாசித்தால் தப்பு என்று என் வீட்டை வைத்துச் சொல்வேன்.

எங்கம்மா அறிவொளியில் கையெழுத்துப் போடக் கற்றவர். 1990-களின் தொடக்கத்தில் ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்த இயக்கம் எப்படி நடந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்றதெல்லாம் அப்போதுதான். நான் அப்போ அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பேன். செடி சூரிய ஒளியில் உணவு தயாரிக்கிறது என்று ஒரு பாடம். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்: "நெழல்ல நட்ட மொளகா காய்க்காதுன்னு சொல்லுவேன்ல, அதத்தானே பொஸ்தகத்துல போட்டிருக்கான்?" அந்தப் பாடம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. ஒளிச்சேர்க்கை என்ற சொல் அம்மாவுக்குத் தெரியாது, விஷயம் தெரியும். பாடம் அவருக்குப் புரியும் மொழியில் வீட்டுக்குள் வந்ததால் அவரும் எனக்கு வாத்தியாரானார். அதே வரியை ஆங்கிலத்தில் படித்திருந்தால் அம்மா பேசாமல் அடுப்பை ஊதியிருப்பார்.

மாட்ரிடில் நடந்ததும் இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். அங்கே அந்தப் பெற்றோருக்கும் சொல்ல ஏதோ இருந்திருக்கும். பாடம் வந்த மொழி அவர்களை வெளியே நிறுத்தியது.

அந்த ஆய்வில் நான் ஒரு மாணவனாக இருந்திருந்தால் தோற்ற கூட்டத்தில்தான் இருந்திருப்பேன். என் மகள் இன்று சென்னையில் ஆங்கில வழியில் படிக்கிறாள். இதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் புரியாமல் வந்த பாடத்தை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் நானும் என் மனைவியும் தமிழில் திரும்பச் சொல்கிறோம். பள்ளி செய்யாத வேலையை வீடு செய்கிறது, பேர் பள்ளிக்குப் போகிறது. "இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச பிள்ளைங்க நல்லாத்தானே வருது"ன்னு சொல்பவர்கள் இந்த இரண்டாவது ஷிஃப்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி ஆலங்குடி. அக்கா மகளிடம், "நீ சூழ்நிலையியல் எப்படி நடத்துற?" என்று கேட்டேன். "இங்கிலீஷ்ல ஒரு வரி வாசிப்பேன் மாமா, தமிழ்ல அர்த்தம் சொல்லுவேன், கேள்வி பதிலைப் போர்டுல எழுதிப் போடுவேன். பரீட்சைல அப்படியே எழுதிடுவாங்க. எல்லாம் நல்ல மார்க்தான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒரு விஷயம் சொன்னாள். செடியின் பாகங்கள் பாடம். காய் எங்கே காய்க்கும் என்று கேட்டிருக்கிறாள். கிளையில் என்று எல்லாரும் ஆங்கிலத்தில் கத்தினார்கள். வடகாடு பக்கத்துப் பையன் ஒருவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் வேன் ஏறும்போது கிட்டே வந்து மெதுவாகச் சொன்னானாம்: "மிஸ், எங்க தோட்டத்துல பலா அடிமரத்துலதான் மிஸ் காய்க்கும். ஒண்ணு வேர்லகூட காய்ச்சிருக்கு." வகுப்பில் ஏன் சொல்லலை என்று கேட்டதற்கு, தமிழில் பேசினால் ஃபைன் என்றிருக்கிறான்.

அன்றைக்கு அந்த வகுப்பிலேயே நல்ல பதில் அவனுடையது. அது வேன் வாசல் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தனியார் பள்ளி மட்டுமல்ல. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் 2012-13 கல்வியாண்டிலிருந்து ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. இப்போது இரண்டு வடிவமைப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாட்ரிடில் கணக்கைத் தொடவில்லை. இங்கே ஆங்கில வழி என்றால் தமிழ்ப் பாடம் தவிர, கணக்கு உட்பட எல்லாமே ஆங்கிலம்தான். அங்கே ஆசிரியரின் ஆங்கிலத்தைத் தனியாகச் சோதிக்கிறார்கள். இங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கான தகுதித் தேர்வு முதல் தாளில் 150 கேள்வியில் ஆங்கிலம் 30. அதுவும் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசச் சொல்வதில்லை. அங்கே அத்தனை ஏற்பாடும் செய்தும் ஒரு கூட்டம் பிள்ளைகள் தோற்றார்கள், அதை ஒரு பொதுத் தேர்வு காட்டிக் கொடுத்தது. நம்மிடம் ஏற்பாடும் இல்லை, தமிழ் வழி, ஆங்கில வழி, பெற்றோர் படிப்பு என்று பிரித்து எல்லாரும் பார்க்கும்படி வைத்த கணக்கும் என் கண்ணில் படவில்லை. டெஸ்ட் பண்ணாமல் புரொடக்‌ஷனில் ஏற்றிய கோடு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் துறையில் அப்படிச் செய்தால் கஸ்டமர் போன் பண்ணித் திட்டுவார். எட்டு வயசுப் பையன் யாருக்குப் போன் பண்ணுவான்?

எதிர்வாதம் எனக்குத் தெரியும். "நீ இங்கிலீஷ் படிச்சு ஐ.டி.யில உக்காந்துட்டே, எங்க பிள்ளைக்கு மட்டும் வேண்டாம்கிறியா?" இது கேட்கவேண்டிய கேள்வி. ஆங்கிலம் கையில் இல்லாததால் இன்டர்வியூவில் நின்று திணறியவன் நான், கல்லூரி முதல் வருஷம் பாதி பாடம் விளங்காமல் உட்கார்ந்திருந்தவன். ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். ஆனால் ஆங்கிலத்தைக் கற்பது வேறு, இன்னும் வராத ஆங்கிலத்தில் அறிவியலைக் கற்பது வேறு. இரண்டாவதில் பல பிள்ளைகளுக்கு இரண்டுமே கிடைப்பதில்லை. போர்டைப் பார்த்து எழுதிய பதில் ஆங்கிலமும் அல்ல, அறிவியலும் அல்ல.

அயல்நாட்டு ஆசிரியர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847-இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மிஷன் மருத்துவர். மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலை தேடிப் போய்விடுவதையும் ஊருக்கு வைத்தியர் இல்லாமல் போவதையும் பார்த்து, 1860-களில் பயிற்று மொழியைத் தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, ரண வைத்தியம் என்று பெரிய பெரிய பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். கடல் தாண்டி வந்தவர், தன் மொழியில் நடத்தினால் தனக்குச் சுலபம் என்று இருக்கவில்லை. கேட்பவருக்கு எது சுலபம் என்று பார்த்தார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை கணக்கையும் சூழ்நிலையியலையும் வீட்டு மொழியில் நடத்தலாம். ஆங்கிலத்தை ஆங்கிலமாக, தினமும் பேசவைத்து, பேசத் தெரிந்த ஆசிரியரை வைத்துச் சொல்லித்தரலாம். அந்த ஆசிரியரின் பேச்சைச் சோதித்து, தேறினால் கூடுதல் ஊதியம் தரலாம். தமிழில் பேசியதற்கு எந்தப் பள்ளியும் ஒரு ரூபாய்கூடப் பிள்ளையிடம் வாங்கக் கூடாது. முடிவை வழிவாரியாகப் பிரித்து வெளியிடலாம். நான் சொல்வது தப்பென்றால் அந்தக் கணக்கே காட்டிவிடும்.

அக்கா மகள் இன்னும் முடிவு எடுக்கவில்லை. ஏஜென்ட் எழுத்தில் எதுவும் தரவில்லையாம். போன வாரம் பேசும்போது ஸ்பெயின் பேச்சே வரவில்லை. "மாமா, பலா பாடத்தை நேத்து தமிழ்ல எடுத்தேன், கதவைச் சாத்திட்டு. அந்தப் பையன் அரை மணி நேரம் பேசினான். மணி அடிச்சும் நிறுத்தல" என்றாள். வெளியே தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்பதையும் சொன்னாள்.

ஒன்றிலிருந்து ஐந்து வரை ஆங்கில வழி வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், பாடத்தை உண்மையில் எந்த மொழியில் நடத்துகிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். பள்ளிப் பெயர் வேண்டாம். கதவு திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா என்று சொன்னால் போதும்.