கட்டபெட்டு மேட்டுக்கு எத்தனை பல் வேண்டும்?

நீலகிரியின் கட்டபெட்டு முக்கில் நிற்கும் சைக்கிள்காரருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலை காத்திருக்கிறது. ஊட்டிப் பக்கம் போனால் தொட்டபெட்டா பிரிவு வரைக்கும் பெரும்பாலும் ஏற்றம்தான். குன்னூர்ப் பக்கம் போனால் எடப்பள்ளி, வண்டிச்சோலை வழியாகத் தேயிலைக்கு நடுவே ஏறியும் இறங்கியும் நெளியும் சாலை. கோத்தகிரிப் பக்கம் போய் ஊரைத் தாண்டிவிட்டால் மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் இறக்கம். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியிலிருந்து 326 மீட்டர் உயரத்துச் சமவெளிக்கு அந்தச் சாலை கொண்டுபோய் விடும். ஏற்றம், இறக்கம், வளைவு, மூடுபனி, மெல்லிய காற்று என்று சைக்கிள் பந்தயம் ஒரு வீரரிடம் சோதித்துப் பார்க்கும் எல்லாமே ஒரு மணி நேரத் தொலைவுக்குள் அடங்கிக் கிடக்கும் இடம் தமிழ்நாட்டில் வேறு எத்தனை உண்டு?

இதை வெளியூர்க்காரர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். 2008 டிசம்பரில் பெங்களூரிலிருந்து ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ என்ற நெடும்பயணம் முதன்முறையாகக் கிளம்பியது. கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் என்று மாநில எல்லைகளைத் தாண்டி நாள் கணக்கில் நீளும் அந்தப் பயணத்தில் எல்லோரும் பேசுவது ஒரே ஒரு ஏற்றத்தைப் பற்றித்தான். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதை அது. 36 கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம் கூடிவிடும். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடுமோ என்று தோன்றும் அளவுக்குச் செங்குத்தான வளைவுகள் அதில் உண்டு. அந்த வளைவுகளில் நல்ல பயிற்சி உள்ளவர்கள்கூட இறங்கிச் சைக்கிளைத் தள்ளியிருக்கிறார்கள்.

கல்லட்டி ஏன் அப்படி வாட்டுகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் உயரத்தை ஒரு மணி நேரத்தில் ஏற வேண்டுமானால், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டுமே ஏறத்தாழ 220 வாட் திறன் தேவை. டயர் உரசலும் காற்றுத்தடையும் தனி. நல்ல உடல்நிலையில் இருக்கும், பயிற்சி இல்லாத ஒருவர் ஒரு மணி நேரம் விடாமல் தரக்கூடியது சுமார் 100 வாட். அதாவது கல்லட்டியை ஒன்றேகால் மணி நேரத்தில் ஏறி முடிப்பவர், சாதாரண ஆளைப் போல இரண்டு மடங்கு உழைக்கிறார். அதுவும் எந்தக் காற்றில்? ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட இருபது சதவீதத்துக்கும் மேல் குறைவு. சமவெளியில் பயிற்சி செய்துவிட்டு வந்தவரின் நுரையீரல் கடைசிப் பத்து வளைவுகளில் அதை உணரும்.

கட்டபெட்டிலும் கோத்தகிரியிலும் பிறந்து வளரும் பிள்ளைக்கு அந்தக் காற்று பழக்கமானது. ஹட்டி எனப்படும் படுகர் ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏறியிறங்கியே கால்கள் உரம்பெற்றிருக்கும். அப்படியிருந்தும் இந்த மலையிலிருந்து தேசிய அளவில் பேசப்படும் சைக்கிள் வீரர்கள் ஒரு வரிசையாக எழுந்து வரவில்லை. டிசம்பரில் மின்னும் வண்டிகளில் வெளியூர் ஆட்கள் மூச்சுவாங்க ஏறிப்போவதை உள்ளூர்ப் பிள்ளை சாலையோரம் நின்று பார்க்கிறான். ஏன் அவன் பார்வையாளனாகவே நிற்கிறான் என்பதுதான் இந்த அலசலின் கேள்வி. பதிலின் பெரும்பகுதி பின்சக்கரத்துப் பல்லில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. 2000களின் தொடக்கத்திலிருந்து லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போன வண்டி அது. தஞ்சாவூரிலோ விழுப்புரத்திலோ அது ஒரு பிள்ளையின் படிப்பையே காப்பாற்றியிருக்கிறது. அதில் சந்தேகமே வேண்டாம். அந்தச் சமவெளி வண்டிக்கு ஒரே கியர். நம் ஊர் சாதா சைக்கிளில் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் இருப்பது வழக்கம். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் ஐந்து மீட்டர் முன்னே போகும். சமதரையில் அது அருமையான கணக்கு.

அதே வண்டியைக் கட்டபெட்டு மேட்டில் நிறுத்துங்கள். நூறு மீட்டர் போனால் எட்டு மீட்டர் உயரும் சரிவு. நீலகிரியில் இது அதிசயமில்லை. பள்ளிப் பையோடு சேர்த்து 85 கிலோ. நூறு வாட் திறனில் அந்தச் சரிவை ஏறினால் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர்கூட வராது. நடக்கிற வேகம்தான். அந்த வேகத்தில் சாதா சைக்கிளின் பெடல் நிமிடத்துக்குப் பதினாறு தடவைதான் சுற்றும். மனிதக் கால் சோர்ந்துபோகாமல் சுற்றுவதற்கு நிமிடத்துக்கு அறுபது தடவையாவது வேண்டும். பதினாறு சுற்று என்றால் ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நின்று, ஏறக்குறைய உடம்பின் முழு எடையையும் பெடலின் மேல் இறக்க வேண்டும். பத்து மிதியில் முழங்கால் கெஞ்சும். இருபதாவது மிதியில் வண்டி நின்றுவிடும். பிறகு கேரியரில் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். தள்ளுவதற்கு எதற்குச் சைக்கிள் என்று அந்தப் பிள்ளை முடிவெடுப்பதில் தவறே இல்லை.

இப்போது பந்தயத்துக்கான மலைச்சைக்கிளைப் பாருங்கள். முன்னால் 32 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 51 பல். ஒரு சுற்றுக்கு வண்டி நகர்வது ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. அதே சரிவு, அதே நூறு வாட், அதே நடைவேகம். ஆனால் கால் நிமிடத்துக்கு 57 தடவை சுற்றுகிறது. மூச்சு வாங்கும், ஆனால் வண்டி நிற்காது. மலையேறுவதும் ஏறாததும் பெரிய அளவில் மனவலிமை சார்ந்தது என்று பேசுகிறோம். அதற்கு முன்னால் பல் எண்ணிக்கையைப் பேச வேண்டும். பந்தய வண்டி அளவுக்கு விலை கொடுக்க வேண்டியதும் இல்லை. முன்னால் 28, பின்னால் 34 பல் உள்ள எளிய கியர் வண்டியே 26 அங்குலச் சக்கரத்தில் ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மீட்டர் அளவில் நகரும். ஹட்டிக்கும் பள்ளிக்கும் நடுவே உள்ள மேட்டுக்கு அது தாராளம்.

இறக்கம் இன்னும் கவலைக்குரியது. 80 கிலோ எடை கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதியை பிரேக்தான் விழுங்க வேண்டும். சாதா சைக்கிளின் கம்பி பிரேக்கில் ரப்பர் கட்டை இரும்பு ரிம்மைப் பிடிக்கிறது. குரோமியம் பூசிய அந்த ரிம் மழையில் நனைந்தால் பிடிமானம் பெருமளவு போய்விடும். கோத்தகிரிப் பக்கம் மழை கொட்டுவது வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் மாதங்கள். டிஸ்க் பிரேக் இந்த மலையில் ஆடம்பரம் ஆகாது. தேர்ந்த வீரர்கள் இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடிப்பதில்லை. வளைவுக்கு முன்பே விட்டு விட்டுப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போகிறார்கள். எடையை வெளிப்பக்கப் பெடலில் நிறுத்தி, பார்வையை வளைவின் முடிவில் வைப்பார்கள். அதை யாரேனும் ஒருவர் அருகிலிருந்து சொல்லித்தர வேண்டும்.

தமிழ்நாட்டுக்குச் சைக்கிள் என்ன செய்யும் என்பதற்குப் பெரிய சான்று புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில், ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். தண்ணீர்க் குடமும் பிள்ளையும் கேரியரில் ஏறின; பஸ்ஸுக்காகக் காத்திருந்த காலம் போனது. அந்த மாற்றம் மலைக்கு வரவில்லை. இங்கே இன்னமும் மினி பஸ்ஸையும் ஜீப்பையும் நம்பியே வாழ்க்கை ஓடுகிறது. தட்டையான மாவட்டத்தில் ஒற்றைக் கியர் வண்டி செய்ததை மலை மாவட்டத்தில் ஏழு கியர் வண்டியோ பேட்டரி வண்டியோ செய்ய முடியும். இந்தியாவில் 250 வாட்டுக்கு மிகாத, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத பேட்டரி வண்டிக்குப் பதிவெண் தேவையில்லை. நூறு வாட் காலுக்கு இன்னொரு 250 வாட் துணை வந்தால் எட்டு சதவீத மேடு பெரிய விஷயமே இல்லை. முட்டைக்கோஸ் மூட்டையோ பால் கேனோ ஏற்றிச் செல்லும் சிறு விவசாயிக்கு இது விளையாட்டைத் தாண்டிய சேதி.

விளையாட்டுக்கே திரும்புவோம். தேயிலைத் தோட்டத்தில் உலகத்தரப் பந்தயம் நடக்குமா என்ற சந்தேகம் 2023 அக்டோபரில் தீர்ந்துபோனது. ஆசிய மலைச்சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டி திருவனந்தபுரம் அருகே பொன்முடியில் நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி தேடும் போட்டியாகவும் அது இருந்ததால், ஆசியாவின் முன்னணி வீரர்கள் தேயிலைச் சரிவில் வந்து இறங்கினார்கள். கேரளம் அதற்கு முன்பே வயநாட்டில், மானந்தவாடி பக்கத்துப் பிரியதர்ஷினி தேயிலைத் தோட்டத்தில் ‘எம்.டி.பி. கேரளா’ பந்தயத்தை நடத்திப் பழகியிருந்தது. சிறிய பந்தயம் வருடாவருடம் நடந்த இடத்துக்குத்தான் பெரிய பந்தயத்தை நடத்தும் துணிச்சல் வருகிறது. வயநாடு நீலகிரியின் பக்கத்து மாவட்டம் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

ஒலிம்பிக்கில் உள்ள கிராஸ் கன்ட்ரி பந்தயத்துக்கு ஒரு சுற்றுப்பாதை நான்கு முதல் ஆறு கிலோமீட்டர் இருந்தால் போதும். வீரர்கள் அதையே திரும்பத் திரும்பச் சுற்றி, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பார்கள். ஒரு எஸ்டேட்டுக்குள் அது அடங்கும். இலை மூட்டை சுமந்து வருபவர்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை, டிராக்டர் போகும் மண்சாலை, கல் பதித்த குறுக்குவழி, சில்வர் ஓக் வேர்கள் குறுக்கே ஓடும் இறக்கம் எல்லாம் தயாராகவே இருக்கின்றன. தோட்டப் பாதையில் ஒரு நுணுக்கமும் உண்டு. தேயிலைச் செடிகளுக்கு நடுவே இடைவெளி குறுகல். கவாத்து செய்த செடியின் தண்டு விரைப்பாக நிற்கும். அகலமான ஹேண்டில்பாரின் முனை அதில் பட்டால் ஆள் பக்கவாட்டில் விழுவது நிச்சயம். இங்கே பழகுபவருக்கு வண்டியைக் குறுகிய இடத்தில் நேர்கோட்டில் வைத்திருக்கும் கை தானாகவே வந்துவிடும்.

இந்த விளையாட்டு பிறந்த கதையும் பெரிய மைதானத்தில் தொடங்கியதல்ல. கலிபோர்னியாவில் மரின் என்ற மலைப்பகுதி. 1976இல் சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களை மேலே கொண்டுபோய், மண்பாதையில் யார் முதலில் கீழே வருவது என்று நேரம் பார்த்து இறங்கினார்கள். பின்சக்கர பிரேக்கின் உள்ளே இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு புதிதாக நிரப்ப வேண்டும். பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்ற பெயரே அதனால் வந்தது. இருபது வருடத்தில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், அது பதக்க விளையாட்டு ஆகிவிட்டது. அந்த இளைஞர்களுக்கு இருந்தது ஒரு பாதை, ஒரு கடிகாரம், திரும்பத் திரும்ப நடந்த போட்டி. பெங்களூரிலும் இதுதான் நடந்தது. சாலை, தனிநேர ஓட்டம், மண்பாதை என்று வகை மாற்றி மாற்றி உள்ளூர்ப் பந்தயங்களை அங்குள்ள சங்கங்கள் அடிக்கடி நடத்தின. ஆண்டுக்கு ஒரு தடவை மாலை மரியாதையோடு நடக்கும் போட்டியில் வீரர் உருவாவதில்லை. அடிக்கடி தோற்க வாய்ப்பு கிடைக்கும் இடத்தில்தான் உருவாகிறார்.

நீலகிரியில் இடைஞ்சல்களும் உண்மையானவை. சோலைக்காட்டுக்குள் சைக்கிள் விடக் கூடாது. கோத்தகிரி லாங்வுட் சோலை வெறும் 116 ஹெக்டேர்தான், அதில் ஒரு டயர் தடம்கூட விழக் கூடாது என்பதே சரி. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றமும்கூட. ஆகவே பாதை பட்டா நிலத்திலும் தோட்டத்திலும்தான் அமைய வேண்டும். அங்கேயும் காட்டுமாடும் கரடியும் வரும். விடியும் முன்பும் அந்தி சாய்ந்த பிறகும் யாரும் ஓட்டக் கூடாது என்பதை முதல் விதியாக எழுதிவைக்க வேண்டும். சத்தமில்லாமல் வளைவில் பாய்ந்து வரும் சைக்கிள், நின்று மேயும் காட்டுமாட்டை ஜீப்பைவிட அதிகமாக மிரள வைக்கும்.

சாலையில் கதை வேறு. வெள்ளைக்கோட்டுக்கும் வடிகாலுக்கும் நடுவே ஒரு சாண் இடம். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. சைக்கிளுக்கும் அது பொருந்தும் என்று சீசனுக்கு வரும் கார்க்காரர்கள் பலருக்கு உறைப்பதில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. இந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே ஊட்டி சேரிங்கிராஸிலும் குன்னூர் பெட்போர்டிலும் ஒரு பள்ளிப்பிள்ளை சைக்கிளோடு எங்கே ஒதுங்குவான் என்ற கவலை வருகிறது. ஏறும் பக்கத்தில் மட்டுமாவது ஒரு மீட்டர் அகலத்துக்குத் தார் ஓரத்தை நீட்டினால் போதும். மெதுவாகப் போகும் சைக்கிளுக்குத் தனி இடம் தேவைப்படுவது ஏறும்போதுதான். இறங்கும்போது அது மற்ற வண்டிகளின் வேகத்திலேயே போகிறது.

பந்தயத்துக்கான காலமும் தெளிவாகத் தெரிகிறது. வடகிழக்கு மழை ஓய்ந்து மண் இறுகுவது ஜனவரியில். ஏப்ரலில் சீசன் தொடங்கிவிடும். நடுவில் பிப்ரவரி, மார்ச் என்று இரண்டு மாதங்கள். தேர்வுக்காலத்தை ஒதுக்கிவிட்டால் பிப்ரவரியின் ஞாயிற்றுக்கிழமைகள் மிஞ்சும். ஒரு எஸ்டேட் நிர்வாகம் நான்கு கிலோமீட்டர் பாதையை ஒதுக்கி, மாவட்ட விளையாட்டுத் துறை இருபது கியர் வண்டிகளை வாங்கி வைத்து, ஹட்டிப் பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தால் முதல் பந்தயம் நடந்துவிடும். வண்டி வாங்கும்போது பின்சக்கரத்தில் 34 பல்லுக்குக் குறையாமல், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்கோடு கேட்டு வாங்க வேண்டும்.