மார்க் போடுகிற பெட்டி: தொலைக்காட்சிப் பாட்டு நிகழ்ச்சிகள் பற்றிச் சில குறிப்புகள்

தொலைக்காட்சி வந்து நாட்டுப்பாட்டை அழித்துவிட்டது என்று நம் நாட்டார் வழக்காற்றியல் கருத்தரங்குகளில் திரும்பத் திரும்ப வைக்கப்படும் ஒப்பாரியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பேசலாம். அழிந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பாட்டு யார் வாயில் இருந்தது, யார் வாசலில் நின்று பாடப்பட்டது என்கிற கேள்வி அந்த ஒப்பாரிக்குள் வருவதேயில்லை. கரிசலில் கொட்டடிப்பதும் இழவுக்குப் பாடுவதும் பல குடும்பங்களுக்கு ஊர் சுமத்திய வேலை. விட்டால் போதும் என்று விட்டவர்கள் உண்டு. எனவே எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: பாட்டு நிகழ்ச்சி என்கிற தொலைக்காட்சி வடிவம், கேட்கிற ஆளைக் காலத்துக்குக் காலம் எந்த இடத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறது?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதன் அலை கோவில்பட்டி வரை எட்டவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் தென்மாவட்டங்களில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டியவர்கள் பிடித்தது இலங்கையின் ரூபவாஹினியை (1982). மெட்ராஸைவிடக் கொழும்பு நமக்குக் கிட்டத்தில் இருந்தது என்பதை இலக்கிய வரலாறுகள் எழுதாவிட்டாலும் இலங்கை வானொலி கேட்ட காதுகள் அறியும். கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' இங்கே ஒரு சடங்காக மாறுகிறது.

சினிமாப் பாட்டுத் துண்டுகள், ஒரு அரைமணி நேரம், அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் அந்த அரைமணி நேரத்துக்கு ஒரு விலை இருந்தது. வானொலி தீப்பெட்டி வேலைக்கு ஒத்துவந்த சாதனம். குச்சி அடுக்குகிற கைக்கும் பெட்டி ஒட்டுகிற கைக்கும் காதும் வாயும் தேவையில்லை. தீப்பெட்டி ஆபீசிலும் வீட்டுத் திண்ணையிலும் பெண்கள் பாட்டுக் கேட்டபடியே, கூடவே முணுமுணுத்தபடியே, குரோசுக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஒட்டினார்கள். தொலைக்காட்சி கண்ணைக் கேட்டது. கண்ணைக் கொடுத்தால் கை நிற்கும், கை நின்றால் கூலி நிற்கும். ஆக, கரிசல் பெண்ணுக்கு 'ஒளியும் ஒலியும்' இலவசமாக வந்த பொழுதுபோக்கு கிடையாது. தன் கூலியிலிருந்து கழித்துப் பார்த்தது. வெகுஜனக் கலாச்சாரத்தை 'மயக்கம்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் நம் இடதுசாரி நண்பர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பெட்டி யார் வீட்டில் இருந்தது என்பது இன்னொரு சங்கதி. பெட்டி வைத்திருந்தவர் வீட்டு முற்றத்தில் யார் பாயில் உட்காரலாம், யார் படலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கலாம் என்பதைத் திரையில் ஓடிய பாட்டு தீர்மானிக்கவில்லை. பஞ்சாயத்துப் பெட்டியும் ஊருக்குள்தான் இருந்தது, காலனியில் இல்லை. 'எல்லோரும் ஒன்றாகப் பார்த்த பொற்காலம்' என்று இன்று நினைவுக் கட்டுரை எழுதுகிறவர்கள் அந்த 'எல்லோரும்' என்கிற சொல்லை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தபின் வெள்ளிக்கிழமை என்கிற ஒன்றே காணாமல் போனது. எல்லா நாளும் பாட்டு. 'பெப்சி உங்கள் சாய்ஸ்' தொலைபேசி வைத்திருந்தவனுக்குப் பாட்டுக் கேட்கும் உரிமையைத் தந்தது. இலங்கை வானொலியிலிருந்து அப்துல் ஹமீது கொண்டுவந்த 'பாட்டுக்குப் பாட்டு' கேட்டது வேறு தகுதியை: ஒரு எழுத்தைக் கொடுத்தால் அதில் தொடங்கும் பாட்டு ஞாபகத்தில் இருக்க வேண்டும். குரல் சுமாராக இருந்தாலும் பாதகமில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி வீட்டிலிருந்தபடியே மேடையில் நிற்பவரைத் தோற்கடிக்க முடிந்த ஒரே போட்டி அதுதான் என்பேன்.

2006இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆட்சிக்கு வந்த திமுக அரசு வாக்களித்தபடி இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. அதனால் ஊரார் முற்றத்தில் போய் நிற்கும் அவமானம் ஒழிந்தது. (இலவசம் என்று ஏளனம் பேசுகிறவர்கள் படலுக்கு வெளியே நின்றதில்லை.) அதே ஆண்டு விஜய் டிவியில், கைபேசிக் கம்பெனி ஒன்றின் பெயரை முன்னொட்டாகச் சூடிக்கொண்டு, 'சூப்பர் சிங்கர்' வந்தது. பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவனைப் பரீட்சை எழுத அழைத்தது. வீட்டிலிருந்தவனைக் குறுஞ்செய்தி அனுப்பச் சொன்னது.

இதில் ஒரு நன்மையைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சுருதி, சங்கதி, கமகம் போன்ற சொற்கள் முதன்முதலாகச் சபாக்களுக்கு வெளியே, காலனி வீட்டுக்குள்ளும் புழங்கத் தொடங்கின. பாட்டு வாத்தியார் வாசலுக்கே போக முடியாதிருந்த பிள்ளைகளுக்கு அது ஒருவகைப் பள்ளிக்கூடம். ஆனால் பள்ளிக்கூடம் என்றால் மார்க்கும் உண்டு. யார் போடுகிற மார்க்? செவ்வியல் பயிற்சியும் சினிமா அனுபவமும் உள்ள நடுவர்கள். நாட்டுப்பாட்டு அங்கே ஒரு 'சுற்று'. மற்ற வாரங்களில் அது என்னவாயிற்று என்று யாரும் விசாரிப்பதில்லை.

2018இல் புதுக்கோட்டைப் பக்கத்துச் செந்தில் கணேஷ் அந்தச் சுற்றை விட்டு வெளியேறாமலே, மக்களிசைப் பாடல்களைப் பாடியே ஆறாவது சீசனை வென்றார். உடன் போட்டியிட்ட ராஜலட்சுமியின் குரலும் சேர்ந்துதான் அந்த வெற்றியைச் சாத்தியமாக்கியது. அது சாதாரண விஷயமில்லை. ஆனால் அவர்களைப் புகழ மேடையில் கிடைத்த சொல் 'மண்வாசனை'. எங்க கரிசல் மண்ணு மழை பேஞ்சாத்தான் மணக்கும். மீதி மாசமெல்லாம் வெடிச்சுத்தான் கெடக்கும். அந்த வெடிப்புக்கு அரங்கில் இடமில்லை. அடுத்த ஆண்டு 'சின்ன மச்சான்' பாட்டு 'சார்லி சாப்ளின் 2' படத்துக்குள் போய்ச் சினிமாப் பாட்டாகத் திரும்பி வந்தது. கொல்லங்குடி கருப்பாயி 1985இல் 'ஆண்பாவம்' வழியாகத்தானே ஊரெல்லாம் தெரிந்தார். வழி புதிதல்ல.

கோவில்பட்டியில் சிலையாக நிற்கும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் 1962இல் 'கொஞ்சும் சலங்கை' வழியாகத்தான் பட்டிதொட்டிக்கெல்லாம் போனது. வித்தியாசம் இதுதான்: அவரை யாரும் எலிமினேட் செய்ய முடியாது. கோயில் கொடையில் வாசிப்பு நன்றாயிருந்தால் சனம் விடியவிடிய உட்காரும், இல்லையென்றால் துண்டை விரித்துப் படுத்துவிடும். எந்த விளக்கமும் சொல்லாத அந்த விமர்சனம் கலைஞனுக்குப் புரிந்தது. விளாத்திகுளம் சுவாமிகள் மணிக்கணக்கில் ராகம் பாடியதும் அப்படிப்பட்ட காதுகளுக்காகத்தான். நடுவர் மேசை வந்தபின், கேட்டவர் தன் தீர்ப்பைச் சொல்லும் முன் திரையைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்கிறார்.

இப்போது கரிசல் கிராமங்களின் பங்குனிப் பொங்கல் போஸ்டர்களைப் பாருங்கள். 'சூப்பர் சிங்கர் புகழ்' என்ற அடைமொழியோடு பாடகர் பெயர், பெரிய எழுத்தில், படத்தோடு. அவருக்கு முன்பணம் கொடுத்துத்தான் தேதி வாங்குகிறார்கள். கரகத்துக்கு முன்னால் இரண்டு நாளும் கொட்டடிக்கிறவர்கள் பெயர் போஸ்டரில் இல்லை. சில ஊர்களில் 'மற்றும் மேளதாளத்துடன்' என்று ஒரு வரி இருக்கும். அவர்களுக்கான கூலி திருவிழா முடிந்து, வரவு செலவு வாசித்த பிறகு.